கொழும்பு வீட்டுக்குச் சீலிங் ஸ்பீக்கர்: குறைந்த செலவில் தெரிவு செய்வதும் பொருத்துவதும்

ஹோம் தியேட்டருக்குச் சீலிங் ஸ்பீக்கர் வாங்கப் புறக்கோட்டைக்குப் போவதற்கு முன் வீட்டுச் சீலிங்கை ஒருமுறை தட்டிப் பாருங்கள். எந்த ஸ்பீக்கர், எத்தனை, எப்படி மாட்டுவது என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்தச் சீலிங்தான். விலை கூடிய ஸ்பீக்கரை ஆடுகிற பலகையில் மாட்டினால் கேட்கப்போவது பலகையின் சத்தம். விலை குறைந்ததை அசையாத சட்டத்தில், சரியான இடத்தில் மாட்டினால் அது தன் விலைக்கு மேலாகவே வேலை செய்யும். அதனால் காசை ஸ்பீக்கரில் மிச்சம் பிடிக்கலாம், பொருத்தும் வேலையில் பிடிக்கக்கூடாது.

சீலிங்கில் எது, தரையில் எது

ரீவிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய இடது, வலது, நடு ஸ்பீக்கர்கள் மூன்றையும் சீலிங்கில் வைக்க வேண்டாம். படத்தில் பேசுகிறவரின் வாய் கண்ணுக்கு நேரே இருக்க, குரல் தலைக்கு மேலிருந்து வரும். ஸ்பீக்கர்கள் எல்லாவற்றையும் இயக்கும் ரிசீவரின் எந்தச் செற்றிங்கும் அதைச் சரிசெய்யாது. வசனம் விளங்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டிவரும்.

சீலிங்குக்கு உரிய வேலை வேறு. தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டோல்பி அட்மோஸ் முறை 2012இல் திரையரங்குகளுக்கு வந்தது, 2014இல் வீட்டு ரிசீவர்களுக்கு வந்தது. மழை, ஹெலிகொப்டர், கோயில் மணி போன்ற மேலிருந்து வரவேண்டிய சத்தங்களை அது தனியாகப் பிரித்து அனுப்புகிறது. 5.1.2 என்றால் காதளவில் ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர், தலைக்கு மேல் இரண்டு. 5.1.4 என்றால் மேலே நான்கு. முதலாவதற்கு 7 சனல் ரிசீவர், அதாவது ஏழு ஸ்பீக்கரை இயக்கக்கூடியது, போதும், இரண்டாவதற்கு 9 சனல் வேண்டும். அந்த வித்தியாசத்திலேயே ரிசீவரின் விலை பெரிதாக ஏறிவிடும்.

பக்கங்களிலிருந்து ஒலி தரும் சரவுண்ட் ஸ்பீக்கர்களைச் சுவரில் மாட்ட வழியே இல்லாத வீடுகளும் உண்டு. ஒரு பக்கம் பல்கனிக் கதவு, மறுபக்கம் சாப்பாட்டு அறைக்குத் திறந்த வெளி என்றிருக்கும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பிளாட்களில் இது வழமை. அப்படியானால் சரவுண்ட் இரண்டையும் சீலிங்கில் வைத்து 5.1உடன் நிறுத்திக்கொள்ளுங்கள். சரவுண்டும் மேலே, அட்மோஸும் மேலே என்றால் இரண்டும் ஒரே கூரையிலிருந்து கலந்து வரும், அட்மோஸுக்குச் செலவழித்த காசுக்குப் பலன் இராது.

மொத்தச் செலவில் மேல் ஸ்பீக்கர் சோடிக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒதுக்க வேண்டியதில்லை. படத்தின் பெரும்பகுதி முன்பக்க மூன்றிலிருந்தும் சப்வூஃபரிலிருந்தும்தான் வருகிறது.

உங்கள் சீலிங் எது?

ஜிப்சம் போர்ட், ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டத்தில் அடித்தது. வேலைக்கு மிகவும் இசைவானது. இங்கே பெரும்பாலும் 9 மில்லிமீற்றர் போர்ட்தான் அடிப்பார்கள். அது ஸ்பீக்கரின் பாரத்தைத் தாங்கும், ஆனால் ஸ்பீக்கரைப் பிடித்து நிறுத்தும் கவ்வியின் அழுத்தத்தையும் அதிர்வையும் ஆண்டுக்கணக்கில் தாங்காது. உள்ளே பிளைவுட் வளையம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

இரண்டுக்கு இரண்டு அடி ஓடு, ரீ-பார் எனும் 'T' வடிவ உலோகச் சட்டத்தில் வைத்தது. மினரல் ஃபைபர் ஓட்டை அப்படியே வெட்டி மாட்டினால் சில மாதங்களில் நடுவில் தொய்யும், கொழும்பின் ஈரம் அதை விரைவாக்கும். அந்த ஓர் ஓட்டை எடுத்துவிட்டு அதே அளவுக்கு 9 மில்லிமீற்றர் பிளைவுட் வெட்டி, வெள்ளை அடித்து, அதில் ஸ்பீக்கரை மாட்டுங்கள். கீழிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பாரம் கூடுவதால் அந்தப் பலகையின் எதிரெதிர் மூலைகள் இரண்டிலிருந்து மேலே உள்ள கொங்கிறீட் தட்டுக்கு ஜிஐ கம்பி கட்டிவிட வேண்டும்.

பிவிசி ஐ-பெனல். உள்ளே பொள்ளலான மெல்லிய பலகை. நேராக மாட்டினால் ஆண் குரல்களுக்கெல்லாம் கூடவே இரையும். மேலே ஒரு முழுப் பிளைவுட் துண்டை ஜிஐ சட்டத்தோடு திருகி, பாரத்தை அந்தப் பிளைவுட் ஏற்கும்படி செய்தால் மட்டும் மாட்டலாம்.

பழைய வீடுகளின் பலகைச் சீலிங். இறுக்கமாக இருந்தால் நல்லது. வெட்டுவதற்கு முன் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். மென்மையாக உள்ளே போனால் கறையான் முந்திவிட்டது என்று அர்த்தம்.

அஸ்பெஸ்டஸ் சீற் சீலிங். கொழும்பின் பழைய வீடுகளிலும் தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து வீடுகளிலும் தட்டையான சாம்பல் சீற்றுக்கு மேல் வெள்ளை அடித்து, மூட்டுகளில் மெல்லிய பலகை அடித்திருப்பார்கள். இதை வெட்டவோ துளைக்கவோ உரசவோ கூடாது. அந்தத் தூசியில் இருக்கும் நார் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடும். முகக்கவசம் போட்டுக்கொண்டு கவனமாக வெட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுவரின் உச்சியில், சீலிங்குக்குச் சற்றுக் கீழே, சிறிய ஸ்பீக்கர்களைக் கீழ்நோக்கிச் சரித்து மாட்டுங்கள். அந்த வீட்டுக்கு அதுதான் சரி.

வெறும் கொங்கிறீட் தட்டு. பிளாட்டின் தட்டைக் குடைய நினைக்க வேண்டாம். உள்ளே கம்பி இருக்கிறது. புதிய கோபுரங்களில் இழுத்து இறுக்கிய கேபிள்களும் இருக்கலாம், அவற்றில் ஒன்றைத் துளைத்தால் ஆபத்து உங்கள் வீட்டோடு நிற்காது. தட்டுக்குக் கீழே 5 அங்குல ஆழத்தில், செற்றிக்கு மேல் மட்டும் ஒரு ஜிப்சம் பெட்டி இறக்கி அதற்குள் ஸ்பீக்கர் வைக்கலாம். முழு அறைக்கும் சீலிங் அடிப்பதைவிட இது மலிவு. அந்தப் பெட்டியைத் தொங்கவிடத் தேவையான சிறு துளைகளையும் எவ்வளவு ஆழத்துக்குப் போடலாம் என்று கட்டட நிர்வாகத்திடம் முதலில் கேட்டு, அனுமதியுடன் செய்யுங்கள்.

வாங்கும்போது

முதலாம் குறுக்குத் தெருவில் "சீலிங் ஸ்பீக்கர்" என்று கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது கடைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் போடும் 100 வோல்ட் லைன் ஸ்பீக்கராகத்தான் பெரும்பாலும் இருக்கும். விலை ஆசையாக இருக்கும். ஹோம் தியேட்டருக்கு அது உதவாது. பின்புறத்தைப் பாருங்கள். சிறிய டிரான்ஸ்ஃபோமர் ஒன்று ஒட்டியிருக்கும், இரண்டுக்கு மேற்பட்ட வயர்கள் வெளியே வரும், "3 வாட், 6 வாட்", "70 வோல்ட், 100 வோல்ட்" என்று எழுதியிருக்கும். 100 வோல்ட் லைனில் 6 வாட் என்றால் அதன் தடை கிட்டத்தட்ட 1,667 ஓம். உங்கள் ரிசீவர் எதிர்பார்ப்பது 8 ஓம். இணைத்தால் எதுவும் எரியாது, ஆனால் சத்தம் மிக மெல்லியதாகவே வரும்.

உங்களுக்கு வேண்டியது 8 ஓம், இரண்டு பாகம் உள்ளது, அதாவது தாழ்ந்த சத்தத்துக்கு வூஃபரும் கூர்மையான சத்தத்துக்குத் தனி ட்வீட்டரும். கடையிலேயே மல்ரிமீற்றரை வைத்துப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். சோடியில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும்.

6.5 அங்குலமா, 8 அங்குலமா? அட்மோஸுக்கு 6.5 போதும், துளை சிறியது, ஆழமும் குறைவு. சரவுண்டாக, பெரிய ஹோலில், அல்லது சப்வூஃபர் இல்லாமல் பாட்டும் கேட்கப்போகிறீர்கள் என்றால் 8. எதுவானாலும் ட்வீட்டரைத் திருப்பக்கூடியதாக இருக்கட்டும். ஸ்பீக்கர் நேராகத் தரையைப் பார்க்கிறது, நீங்கள் அதற்கு நேர் கீழே உட்காரப்போவதில்லை. கூர்மையான சத்தம் ஒரு திசையில்தான் போகும் என்பதால் ட்வீட்டரைச் செற்றிப் பக்கம் சாய்க்க முடிந்தால் சிறிய இடப்பிழைகளையும் அது மறைத்துவிடும். யமஹா என்.எஸ்-ஐ.சி.800, போல்க் ஆர்.சி.60.ஐ, ஆர்.சி.80.ஐ, மிக்கா எம்-8.சி ஆகியவை இந்த வகையில் பலரும் அறிந்த, நடுத்தர விலைப் பெயர்கள். பெயர் அறியாத ஒன்றை வாங்கினாலும் கீழே சொல்வதைப் பார்த்து வாங்குங்கள்.

கூம்பு பொலிப்புரொப்பிலீனாகவும், அதன் விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கும் மென்மையான சுற்று ரப்பராகவும் இருக்க வேண்டும். கடதாசிக் கூம்பு ஈரத்தில் ஊறும். ஸ்பொஞ்ச் சுற்று இந்தக் காலநிலையில் சில ஆண்டுகளில் விரலால் தொட்டாலே உதிரும். கடலுக்கு அண்மையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் ஸ்பீக்கரை மூடும் கிரில்லையும் பார்க்க வேண்டும். இரும்பு கிரில்லின் பெயிண்ட் எங்கே உரிகிறதோ அங்கே துரு தொடங்கும், அலுமினியம் என்றால் அந்தக் கவலை இல்லை. திருகாணிகளை மட்டும் துருப்பிடிக்காத எஃகில் வாங்கி மாற்றிக்கொள்ளலாம், செலவு மிகச் சிறியது.

உணர்திறன், அதாவது கொடுக்கும் வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு, 87 டெசிபலுக்குக் கீழே வேண்டாம். 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரு மடங்கு வாட் வேண்டும், மலிவான ரிசீவரிடம் அது இருக்காது. பெட்டியில் எழுதியிருக்கும் "அதிகபட்ச வாட்" இலக்கத்தை விட்டுவிடுங்கள், அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

ரிசீவர் பற்றி ஒன்று. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த ரிசீவர்கள் தரமானவையாக இருக்கலாம், ஆனால் ஜப்பானின் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. பின்பக்கத்தில் வோல்ட் அளவைப் பாராமல் செருகினால் அந்த நொடியே போய்விடும். 230இலிருந்து 100க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபோமரின் விலையையும் கூட்டிப் பார்த்த பிறகு மலிவா என்று முடிவெடுங்கள்.

இடம் குறிப்பது

இதற்கு அளவுநாடா மட்டும் போதும். செற்றியில் வழக்கமாக உட்காருவதுபோல் உட்கார்ந்து, தரையிலிருந்து காது வரை அளக்கவும். பெரும்பாலும் 1 மீற்றருக்கு அருகில் வரும். தரையிலிருந்து சீலிங் 2.6 மீற்றர் என்று வைத்தால் காதுக்கும் சீலிங்குக்கும் இடையே 1.6 மீற்றர்.

மேலே இரண்டு மட்டும் என்றால், காதிலிருந்து பார்க்கும்போது அவை 80 பாகையளவில், அதாவது கிட்டத்தட்ட நேர் மேலே, சற்று முன்னால் இருக்க வேண்டும். 1.6 மீற்றர் உயரத்துக்கு அது 28 சென்ரிமீற்றர், ஓர் அடிக்குச் சற்றுக் குறைவு. டோல்பி 65 முதல் 100 பாகை வரை இடம் தருகிறது, ஆகவே சட்டமோ லைட்டோ குறுக்கே வந்தால் அரை அடி முன்னே நகர்த்தலாம், பாதகமில்லை.

மேலே நான்கு என்றால் முன்னும் பின்னும் 45 பாகை. 45 பாகைக்குக் கணக்கு எளிது. உயரம் எவ்வளவோ தூரமும் அவ்வளவு. காதிலிருந்து 1.6 மீற்றர் முன்னே ஒரு சோடி, 1.6 மீற்றர் பின்னே ஒரு சோடி. செற்றி பின்சுவரோடு ஒட்டியிருக்கும் வீட்டில் பின்சோடிக்கு இடமே கிடையாது. கொழும்புப் பிளாட்களில் அநேகமாக இதுதான் நிலைமை. அந்த அறைக்கு இரண்டுடன் நிறுத்திக்கொண்டு, மிஞ்சும் காசை நடு ஸ்பீக்கருக்கோ சப்வூஃபருக்கோ போடுங்கள். நான்கைத் திணித்தால் பின்சோடி முன்சோடியோடு ஒட்டிவிடும், வித்தியாசம் கேட்காது.

இடது வலது இடைவெளி, ரீவிக்குப் பக்கத்து இரண்டு ஸ்பீக்கர்களின் இடைவெளியே. பக்கச் சுவரிலிருந்து 60 சென்ரிமீற்றராவது தள்ளி இருக்கட்டும்.

இனிச் சீலிங் ஃபேன். இறக்கை நுனியிலிருந்து 60 சென்ரிமீற்றருக்குள் ஸ்பீக்கர் வந்தால் சுழலும் இறக்கையில் பட்டுச் சத்தம் நடுங்கும், நீளமான வயலின் ஸ்வரத்தில் அது உடனே தெரியும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்தையும் தவிருங்கள். பிளாட்களில் தீயணைப்புத் தெளிப்பான் தலைகளுக்கு அருகே வெட்ட வேண்டாம், தவறுதலாக இடித்தால் அறை முழுதும் தண்ணீர். மேல் வீட்டுக் குளியலறைக் குழாய் உங்கள் சீலிங்குக்குள்ளால் போகிறதா என்றும் பாருங்கள். பழைய நீர்க்கறை இருக்கும் இடத்துக்கு நேர் கீழே ஸ்பீக்கர் வைக்கவே கூடாது.

வயர்

1.5 சதுர மில்லிமீற்றர், இழைகளாலான முழுச் செப்பு இரட்டை வயர். 10 மீற்றர் ஓட்டத்துக்குப் போகவர 20 மீற்றர் செப்பு, தடை 0.23 ஓம் அளவு. 8 ஓமில் ஐந்து வீதமான 0.4க்குள் இருந்தால் காதுக்குத் தெரியாது. பாதித் தடிப்பான 0.75 வயரில் அதே ஓட்டம் 0.46 ஆகிறது. அதைத் தவிருங்கள்.

செப்புப் பூச்சுப் போட்ட அலுமினிய வயர் நிறைய விற்பனையாகிறது. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். சிறு ஓட்டத்துக்குத் தடை பெரிய பிரச்சினை இல்லை. முனைகள்தான் பிரச்சினை. திருகில் இறுக்கும்போது இழைகள் முறியும், உப்புக் காற்றில் முனை வெளிறிப் பொடியாகும். மூடிய சீலிங்குக்குள் மறுபடி ஏறிப் பார்ப்பதைவிட இப்போது செப்பு வாங்குவது மலிவு.

வயர் சுருளை வாங்குமுன் நூலை வைத்து அளக்கவும். ரீவிக்குக் கீழிருந்து சுவரேறி 2.5 மீற்றர், சீலிங்குக்குள் 4 மீற்றர், வளைவுகளுக்கு 1 மீற்றர், ஒவ்வொரு முனையிலும் கையிருப்பாக 1 மீற்றர். ஒரு ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 10 மீற்றர், சோடிக்கு 20, ஆகவே 25 மீற்றர் வாங்குங்கள். சீலிங்குக்குள் ஒட்டுப்போட்ட வயர் இருக்கக்கூடாது.

எலியும் அணிலும் ஓடும் கூரை என்றால் 20 மில்லிமீற்றர் பிவிசி குழாய்க்குள் விட்டு, குழாயின் இரு வாயையும் சிலிக்கனால் அடைக்கவும். 230 வோல்ட் வயர்களுக்கு இணையாகப் போகும் இடங்களில் ஓர் அடி தள்ளி ஓட்டுங்கள், குறுக்கே கடக்க வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கவும். ஸ்பீக்கர் வயரும் மின்வயரும் ஒரே குழாய்க்குள் போகக்கூடாது. இரைச்சலைவிடப் பெரிய காரணம் பாதுகாப்பு.

வெட்டுவதும் மாட்டுவதும்

9 மில்லிமீற்றர் ஜிப்சத்தில் ஒரு சோடி 6.5 அங்குல ஸ்பீக்கருக்குத் தேவையானவை: 9 மில்லிமீற்றர் பிளைவுட் 2 அடிக்கு 1 அடி, 25 மில்லிமீற்றர் ஜிப்சம் திருகாணி 16, கட்டுமானப் பசை ஒரு குழல், ஒட்டும் ஸ்பொஞ்ச் நாடா, சத்தத்தை உறிஞ்சும் 50 மில்லிமீற்றர் ரொக்வூல் இரண்டு துண்டு, ஜிஐ கட்டுக்கம்பி, சுவர்ப் பட்டி கொஞ்சம். ஆயுதங்கள் ஜிப்சம் கைவாள், சிறு காந்தம், மல்ரிமீற்றர், ஒரு 1.5 வோல்ட் பற்றரி. பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும், பிளைவுட்டைக் கேட்ட அளவுக்கு வெட்டியும் வாங்கலாம்.

காந்தத்தைச் சீலிங்கில் நகர்த்துங்கள். பட்டிக்குள் மறைந்திருக்கும் திருகாணித் தலைகளில் அது பிடிக்கும், அந்த வரிசைதான் ஜிஐ சட்டம். சட்டத்தை எக்காரணத்துக்கும் வெட்ட வேண்டாம். குறித்த இடத்தில் சட்டம் வந்தால் ஸ்பீக்கரை நகர்த்துங்கள், மற்றதையும் அதே அளவு நகர்த்துங்கள். இரண்டும் சமச்சீராக இருப்பது மிகச் சரியான பாகையில் இருப்பதைவிட முக்கியம்.

மெயின் சுவிட்சை அணைக்கவும். ஜிப்சத்துக்கு மேலே லைட் வயர்கள் தளர்வாகக் கிடக்கும், வாள் நுனி எதில் படும் என்று கீழிருந்து தெரியாது. பெட்டியோடு வரும் அளவுத்தாளை ஒட்டி வட்டம் வரையுங்கள். ஸ்பீக்கரின் வெளிவிளிம்பை வைத்து வரைந்துவிட்டால் துளை பெரிதாகி ஸ்பீக்கர் கீழே விழும். இந்தத் தவறுக்கு மருந்து புதிய போர்ட்தான். வட்டத்தின் மையத்தில் விரலளவு துளை போட்டு, கட்டுக்கம்பியை 'ட' வடிவில் வளைத்து மேலே விட்டுச் சுற்றுங்கள். எங்கேயும் முட்டாமல் சுழன்றால் மேலே இடம் இருக்கிறது. கைத்தொலைபேசியின் கமராவால் அதே துளையூடாக ஒரு படமும் எடுத்துப் பாருங்கள். பிறகு கைவாளால் மெதுவாக அறுக்கவும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தூசி நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

இப்போது வளையம். பிளைவுட்டில் 12 அங்குலச் சதுரம் இரண்டு வெட்டி, இரண்டின் நடுவிலும் ஸ்பீக்கர் துளையை வெட்டிக்கொள்ளவும். 12 அங்குலச் சதுரம் எட்டு அங்குலத் துளைக்குள்ளால் மேலே போகாது, ஆகவே ஒவ்வொன்றையும் சரிபாதியாக அறுங்கள். பாதித் துண்டின் ஒரு பக்கம் 6 அங்குலம், சரித்து நுழைத்தால் போய்விடும். மேலே வைத்து, கீழ்முகத்தில் பசை தடவி, துளையின் விளிம்போடு விளிம்பாகச் சேர்த்து, கீழிருந்து ஒவ்வொரு பாதிக்கும் நான்கு திருகாணி. தலைகள் போர்ட் முகத்தைவிட நூலளவு உள்ளே போனால் போதும். கடதாசியைக் கிழித்துக்கொண்டு போனால் பிடிப்பு இல்லை. பசை ஓர் இரவு காயட்டும், அடுத்த நாள் தலைகளின் மேல் பட்டி பூசுங்கள்.

மேலே ரொக்வூல் துண்டை வைப்பதற்கு இரண்டு காரணம். தட்டில் பட்டுத் திரும்பும் சத்தம் கூம்புக்குள்ளால் மறுபடி அறைக்குள் வருவதை அது குறைக்கும். மேல் வீட்டுக்குப் போகும் சத்தமும் ஓரளவு அடங்கும். முழுதாக அடங்காது, இரவில் படம் பார்ப்பவர்கள் அதை எதிர்பார்க்க வேண்டாம். கையுறையும் முகக்கவசமும் போட்டுத்தான் ரொக்வூலைத் தொட வேண்டும். லைட்டின் டிரைவர் பெட்டியை அதால் மூடினால் சூடேறும்.

மாட்டுவதற்கு முன், வயரை ஸ்பீக்கரோடு இணைத்து அதன் துருவத்தைச் சோதியுங்கள். ரிசீவர் முனையில், இணைப்பைக் கழற்றிய நிலையில், 1.5 வோல்ட் பற்றரியின் நேர்முனையைச் சிவப்பு வயரிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு நொடி தொடவும். சிறிய "டப்" சத்தத்தோடு கூம்பு வெளிநோக்கி, அதாவது தரைப் பக்கம், அசைய வேண்டும். உள்ளே இழுத்தால் வயர் மாறியிருக்கிறது. ஒன்று சரி, ஒன்று மாறி என்றால் இரண்டின் தாழ்ந்த சத்தமும் ஒன்றையொன்று அழிக்கும். "மலிவு ஸ்பீக்கர், பேஸ் இல்லை" என்று முறையிடுபவர்களின் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஸ்பீக்கர் விளிம்பின் உட்புறம் ஸ்பொஞ்ச் நாடாவை முழு வட்டமாக ஒட்டுங்கள். அதிர்வுக்காக மட்டும் இல்லை. ஏசி போட்ட அறை குளிர்ந்திருக்க, சீலிங்குக்கு மேல் சூடான ஈரக் காற்று இருக்கும். இடைவெளி விட்டால் அந்தக் காற்று குளிர்ந்த விளிம்பில் வியர்க்கும், கிரில்லைச் சுற்றிக் கறுப்புப் பூஞ்சணம் வட்டமாகப் படரும்.

ஸ்பீக்கர் சட்டத்தின் ஒரு துளையில் கட்டுக்கம்பியைக் கோத்து, ஜிஐ சட்டம் தொங்கும் கம்பியோடு கட்டிவிட்டு அதன் பிறகே ஸ்பீக்கரை மேலே தள்ளுங்கள். கவ்விகளை எதிரெதிராக, கையால் இறுக்குங்கள். மின் ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், அது "கடக்" என்று நிற்கும்போது கவ்வியின் பிளாஸ்டிக் வெடித்திருக்கும். ஸ்பீக்கரைக் கையால் திருப்பினால் திரும்பாத அளவே போதும்.

ரிசீவரில் செய்ய வேண்டியவை

7 சனல் ரிசீவர்கள் பல, மிச்ச இரண்டு சனலைப் பின்பக்கச் சரவுண்டுக்கு என்று வைத்தே வரும். அம்ப் ஒதுக்கீட்டு மெனுவில் அதை மேல் ஸ்பீக்கருக்கு மாற்றாவிட்டால் எல்லாம் சரியாக இணைத்தும் மேலே சத்தம் வராது. அடுத்த மெனுவில் வகை கேட்கும். அதில் "டொப் மிடில்" அல்லது "ஓவர்ஹெட்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். "டோல்பி எனேபிள்ட்" என்பது தரையிலிருந்து கூரையில் பட்டுத் திரும்பும் ஸ்பீக்கருக்கானது, சீலிங் ஸ்பீக்கருக்கு அதைத் தெரிவு செய்தால் சத்தத்தின் நிறமே மாறிவிடும்.

ஒலியை அறைக்கு ஏற்பத் தானாகச் சரிசெய்ய, டெனோன் ரிசீவரில் ஓடிஸி, யமஹாவில் வைபிஏஓ என்ற பெயரில் வரும் மைக் அளவீட்டை ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்தி, காது இருக்கும் உயரத்தில் மைக்கை வைத்து ஓட்டவும். முடிந்ததும் அது போட்டுவைத்ததைப் பாருங்கள். மேல் ஸ்பீக்கரை "லார்ஜ்" என்று வைத்திருந்தால் "ஸ்மோல்" ஆக்கி, குறோஸ்ஓவரை 100 ஹேர்ட்ஸில் வைக்கவும். அதற்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும், ஜிப்சமும் அமைதியாக இருக்கும். மேல் சத்தத்தைக் கூட்ட ஆசை வரும். 2 டெசிபலுக்கு மேல் கூட்டினால் கதையை விட்டுவிட்டுக் கூரையையே கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இரைச்சல் வந்தால் 40 முதல் 200 ஹேர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை ஒலிக்கவிட்டு, தும்புத்தடியின் முனையால் சீலிங்கின் ஒவ்வொரு இடமாக அழுத்துங்கள். எங்கே அழுத்தும்போது இரைச்சல் நிற்கிறதோ அதுதான் இடம். பெரும்பாலும் குற்றவாளி ஸ்பீக்கராக இருக்காது. குழிவிளக்கின் ஸ்பிரிங், ஏசி கிரில், அல்லது ஜிஐ மூட்டு ஒன்றின் தளர்ந்த திருகாணியாக இருக்கும். லைட் விளிம்புக்கு மெல்லிய ஸ்பொஞ்ச், மூட்டுக்கு ஒரு திருகாணி, முடிந்தது.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடி மின்னல் வரும் நாட்களில் ரிசீவரின் பிளக்கைக் கழற்றுங்கள். கூடவே டிஷ் கேபிளையும் இணைய வயரையும் கழற்ற வேண்டும், மின்னல் அதிர்ச்சி அவற்றின் வழியாக எச்டிஎம்ஐக்குள் போய் ரிசீவரின் போர்டை எரிக்கும், பிளக் கழற்றியிருந்தாலும் தப்பாது. மழைக்காலம் முடிந்ததும் காந்தத்தால் பிடித்திருக்கும் கிரில்லை எடுத்துப் பாருங்கள். விளிம்பில் துருப்புள்ளி என்றால் துடைத்து வெள்ளை ஸ்பிரே அடிக்கலாம். கூம்பில் நீர் வழிந்த கோடு தெரிந்தால் ஸ்பீக்கரை உடனே இறக்கிவிட்டு, மேல் வீட்டுக்காரரிடம் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.